பார்த்துப் பொறுக்கிய கல்

"உங்க வீட்டுக்காரர் தன் கைக்குத் தோதா ஒரு கல்லைப் பொறுக்கிட்டாராமே? ஊரே பேசுது!"

துணி தைக்கக் கொடுக்க வந்தவள் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள். தபால்காரர் மனைவிக்கு அதன்பிறகு தையல் மிஷினில் கால் ஓடவில்லை.

அந்த ஊர்க் கல் தூக்கும் போட்டியில் ஒரு வழக்கம். போன வருஷம் ஜெயித்தவர்தான் இந்த வருஷக் கல்லை ஆற்றிலிருந்து எடுத்து வரவேண்டும். உளி படக் கூடாது. தண்ணீர் உருட்டிய கல் அப்படியே வரவேண்டும். எல்லோரும் அந்த ஒரே கல்லை நெஞ்சுக்கு ஏற்றி, தலைக்கு மேல் தூக்கி, விசில் அடிக்கும்வரை அசையாமல் நிற்கவேண்டும்.

போன வருஷம் ஜெயித்தவர் தபால்காரர். அதற்கு முன் மூன்று வருஷம் ஜெயித்தது அவள் அண்ணன். மர அறுவை மில்லில் வேலை. போன போட்டி முடிந்த அடுத்த மாசமே, வலது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் ரம்பம் கொண்டுபோய்விட்டது. வேலைக்குத் திரும்பினார், கல் பக்கம் திரும்பவில்லை. கை எப்போதும் பேண்ட் பைக்குள். 'ஐயோ பாவம்' என்று யாராவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவார். சரியாகச் சிரித்தே ஒரு வருஷம் ஆகப்போகிறது.

இவரோ, தபால் கொடுத்து முடித்ததும் நேரே ஆற்றுக்கு. ஒரு நாள் இரண்டு நாளா? நாலு மாசம்!

ஒரு மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனவள் பாலத்திலிருந்து பார்த்தாள். வெயிலில் ஆறு பாதித் தூக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. கரை நெடுக வழவழவென்று கற்கள். நடுவே அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. ஒன்றைத் தூக்குவதும், இறக்குவதும், அடுத்ததற்குப் போவதுமாக, கனவில் நடக்கிறவர் மாதிரி இருந்தார். கூப்பிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றதில் அவளுக்கும் கொஞ்ச நேரம் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோயிற்று.

அதெல்லாம் இதற்குத்தானா?

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுமுன் பிடித்துக்கொண்டாள்.

"நிஜமாவே கைக்குன்னு பார்த்தா எடுத்தீங்க?"

"பின்னே, பார்க்காம எடுப்பாங்களா?"

"வெட்கமா இல்ல? எங்கண்ணன் விரலைக் குடுத்துட்டு மூலையில உட்கார்ந்திருக்காரு. உங்களை எதிர்க்க ஆளே இல்ல. அப்பவும் எதுக்கு இந்தத் திருட்டு வேலை?"

அவர் சட்டையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அண்ணனே வாசலில் வந்து நின்றார்.

"மாப்ள, ஊர்ல பேசிக்கிறது உண்மையா?"

"பேசட்டும் மச்சான். தூக்க முடிஞ்சவன் வந்து தூக்கட்டும். வீட்டுக்குள்ள உட்கார்ந்து பேசறவனுக்கெல்லாம் நான் பதில் சொல்லிட்டிருக்க முடியாது."

அவளுக்குச் சுருக்கென்றது. பாவி மனுஷன், யாரிடம் என்ன பேசுகிறார்!

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. பையிலிருந்து கை தானாக வெளியே வந்தது. எப்போதும் 'நீங்க' என்பவர் அன்றைக்கு 'நீ' என்றார்.

"பேர் குடுக்கறேன்யா. இந்தக் கையை வச்சே உன் கல்லைத் தூக்கறேன். பாரு நீ!"

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் கணவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் பேசியது.

போட்டியன்று கல்லை எடை போட்டார்கள். தொண்ணூற்றிரண்டு கிலோ. பிடிக்க அதில் இருந்தது ஒரு பக்கத்துப் புடைப்பு மட்டும்தான். அதற்குக் கீழே தண்ணீரும் தேய்க்காமல் விட்ட கூரான விளிம்பு. எப்படித் திருப்பினாலும் வேறு வழியில்லை.

"விரலைக் கடிக்குதுப்பா!" என்று ஐந்து பேர் நெஞ்சோடு போட்டுவிட்டார்கள்.

தபால்காரர் வந்தார். நெற்றிவரை ஏற்றினார். கல் தொப்பென்று மணலில் விழுந்தது.

"தான் வெட்டின குழியில தானே விழுந்தாரு!" கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அவளுக்குக்கூட உள்ளூர ஒரு திருப்திதான்.

கடைசியாக அண்ணன். குனிந்தார். கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்தார். நெஞ்சு, தாடை, நெற்றி என்று அது மெல்ல மெல்ல மேலே போனது. தலைக்கு மேல் வந்ததும், ஏதோ மேகத்தைத் தாங்குகிறவர் மாதிரி அசையாமல் நின்றார். விசில் அடித்ததும் அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வீடு திரும்பியதும், என்ன இருந்தாலும் புருஷனாயிற்றே என்று மருந்து எடுத்து வந்தாள்.

"நல்லா வேணும். கையைக் காட்டுங்க."

வலது கையை விரித்தாள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றிலும் கொப்புளம் உடைந்து, காய்த்து, மறுபடி உடைந்து, தோல் மரப்பட்டையாகியிருந்தது. நாலு மாசத்துக் காய்ப்பு.

மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் இன்றைக்கு விளிம்பு கிழித்த புதுக் காயம் மட்டும்தான். மற்றபடி பட்டுப்போல இருந்தன.

அவள் கையிலிருந்த மருந்து அப்படியே நின்றது.

"ஏங்க... இந்த ரெண்டு விரலையும் மடக்கிக்கிட்டா ஒவ்வொரு கல்லையும் தூக்கிப் பார்த்தீங்க?"

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"மச்சானுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தூக்கின கல்லைக் கீழ போட்டுடுவாரு."