பிரிட்ஜ் கேட்ட விசாரணை

ஞானதுரைக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. மனைவி எஸ்தரோடு அமலியின் வீட்டுக்குள் நுழைந்ததுமே, அவள் விற்க வைத்திருந்த பழைய பிரிட்ஜைத்தான் விசாரித்தான். வாங்க வருபவரிடம் பழைய சாமான்கள் பொய் சொல்லக்கூடாது என்பது சட்டம்.

“கம்ப்ரசர் மாத்துனாங்களா?”

“இல்லை” என்றது பிரிட்ஜ்.

“கேஸ் ஒழுகுச்சா?”

“ஒருநாளும் இல்லை.”

அப்படியும் சந்தேகம் தீராமல், பின்பக்கம் குனிந்து மோந்து பார்த்தான். “சரி, எடுத்துக்கிடுதேன்” என்றான், அரைமனதாக.

“இருங்க தம்பி” என்றாள் அமலி. “போற வீட்டைப் பத்தி அதுவும் விசாரிக்கணும்லா.”

பிரிட்ஜ், நின்ற இடத்திலிருந்தே, அவன் வீட்டில் கிடந்த பழைய பிரிட்ஜிடம் கேட்டது. பதில் உடனே வந்துவிட்டது.

“அந்தப் பிரிட்ஜ் கதவு நாலு இடத்துல நெளிஞ்சிருக்காம். நாலு தடவையும் இந்த அம்மா தலை மோதுனதாம். தானா மோதலையாம்.”

எஸ்தர் முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள்.

“மெஷின் சொல்லுறதையெல்லாம் நம்புவியளா?” என்றான் ஞானதுரை.

அமலி எஸ்தருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எஸ்தர் உட்கார்ந்தாள்.

“எந்திரி, வீட்டுக்குப் போவோம்” என்றான் அவன், வாசலிலிருந்து.

எஸ்தர் எழுந்திருக்கவில்லை.