படகுக்காரர் கட்டுரை

கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில் படகுக்காரர் இருந்தார்.

ஆங்கிலம் இரண்டாம் தாள். துணைப்பாடக் கட்டுரை. ஆற்றில் வெள்ளம் பெருகிய நாளில், காய்ச்சலில் கிடக்கும் மகளுக்கு மருந்து வாங்க அக்கரைக்குப் படகை எடுக்கிற ஓர் அப்பாவின் கதை.

முதல் பன்னிரண்டு வரியும் மடமடவென்று வந்தன. எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, வரிசை தெரியும். மருந்துச் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் படகில் ஏறுகிற இடத்தில் பேனா நின்றது.

அதற்கு மேல் என்னிடம் இருந்த தாளில் இல்லை. வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

வெட்டியது அப்பா.

கட்டிங் மாஸ்டர் ஆரோக்கியராஜ் என்றால் மண்ணரையில் நாலு பனியன் கம்பெனிக்குத் தெரியும். அறுபது அடுக்குத் துணியையும் நூல் பிசகாமல் வெட்டுகிற கை. ஆங்கிலத்தில் மட்டும் ஓர் எழுத்து தெரியாது.

அரையாண்டுத் தேர்வில் எனக்கு ஆங்கிலம் இரண்டு தாளும் சேர்த்து இருநூறுக்கு அறுபத்தொன்று. பாஸாக எழுபது வேண்டும். பப்ளிக்கிலும் கோட்டைவிட்டால் படிப்பு அத்தோடு சரி. செக்கிங் மேஜையில் அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு ஸ்டூல் ஏற்கெனவே காலியாக இருந்தது.

பள்ளி விட்டதும் அதே கம்பெனியில் பனியனுக்குப் பிசிறு வெட்டப் போவேன். மேஜைமேல் புத்தகத்தைக் கண்டால் சூப்பர்வைசர் குதிப்பார். அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். ஆங்கிலம் எடுக்கிற திருமூர்த்தி சார் முக்கியம் என்று சிவப்பு டிக் போட்டுக் கொடுத்த பதில்களை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கைடிலிருந்து தனித்தனியாக வெட்டி எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பண்டல் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினார். ரப்பர் பேண்ட் போட்டு என்னிடம் கொடுத்தார்.

ஒரு துண்டைப் பனியன் கூடை விளிம்பில் குத்திவைத்துக்கொள்வேன். ஒரு கட்டு பனியனுக்குப் பிசிறு வெட்டி முடிவதற்குள் ஒரு பதில் மனப்பாடம் ஆகிவிடும். எந்த ஸ்பெஷல் கிளாஸிலும் இப்படி ஒரு வசதி கிடையாது.

ஒன்பதாம் நம்பர் துண்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தாளின் பின்பக்கமும் அச்சு இருந்தது. படகுக்காரரின் முதல் பாதி அந்தத் துண்டின் முதுகில் தப்பிப் பிழைத்திருந்தது. மறுபாதி, மிச்சத் தாள்களோடு கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் போய், மூட்டையும் வண்டி ஏறிவிட்டது.

கம்பெனி என்றும் பார்க்காமல் கத்தினேன். படிக்கத் தெரியாத ஆளுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டேன். மிஷின்கள் நின்றன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அந்தத் துண்டை வாங்கி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"துணிக்கு நல்ல பக்கம் ஒண்ணுதானட்டி. பொஸ்தகத்துக்கு ரெண்டும் நல்ல பக்கம்னு எனக்குத் தெரியாமப் போச்சே. சனிக்கெழம புதுசு வாங்கியாரேன், அழாத."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரோடு பேசவே இல்லை.

"ஏங்கண்ணு, பேனா நின்னுபோச்சு? பத்து நிமிசந்தானுங்க இருக்குது" என்றார் பரீட்சை ஹாலில் நின்ற டீச்சர்.

முடிவு தெரியாமல் நான் உட்கார்ந்திருக்கவில்லை. திருமூர்த்தி சார் அந்தக் கதையை வகுப்பில் இரண்டு தடவை தமிழிலேயே சொல்லியிருக்கிறார். வெறும் படகு மட்டும் கரை ஒதுங்கும். மகள் படித்துறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அதைத் தப்பும் தவறுமாக நான்கு வரி எழுதினாலே மார்க் விழும். நான் பாஸாவதற்கு அந்த நான்கு வரி போதும்.

வேறொன்று எழுதினேன். கைடில் இல்லாத, யாரும் சொல்லித்தராத, முதன்முதலாக என் சொந்த ஆங்கிலம். சின்னச் சின்ன வாக்கியங்கள்.

வெள்ளம் வடிந்தது. அப்பா வீட்டுக்கு வந்தார். அவர் சட்டை நனைந்திருந்தது. மகள் அவரோடு பேசினாள். அவர் சாப்பிட்டார்.

என்ன வாங்கிவந்தார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மருந்து என்று எழுத வேண்டும். புத்தகம் என்று எழுதியிருந்தேன். பார்த்தேன். அடிக்கவில்லை.

மணி அடித்தது. விடைத்தாளைக் கட்ட நூல் கொடுத்தார்கள். முடிச்சுக்கு மேலே பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் கை கத்தரியைத் தேடியது.

அந்தச் சனிக்கிழமை நல்லூர் ரோட்டில், திருப்பத்தில் வந்த லாரிக்கு அப்பாவின் சைக்கிள் தெரியவில்லையாம். சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் அவருடைய செருப்பையும் ஒரு கடைப் பையையும் எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பைக்குள் புதுக் கைடு இருந்தது. பையின் வாயில் பில்லோடு சேர்த்துக் கடையில் பின் அடித்திருந்தார்கள்.

ஒன்றரை மாதமாக அது மாதா படத்துக்குக் கீழே அப்படியே இருக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் அம்மாகூட எடுத்து நீட்டினாள். நான் பின்னைப் பிரிக்கவில்லை.

பிரித்தால் அதில் படகுக்காரர் திரும்பி வரமாட்டார்.