எட்டாத துடைப்பம்

"இசக்கியண்ணே, அந்த வெளக்கமாறைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

ராஜப்ரியா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை.

அவள் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்டோர் மேஜையிலிருந்து இசக்கிமுத்து எழுந்துகொண்டிருந்தார்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரி அது. கோயமுத்தூரிலிருந்து ராஜப்ரியா மேனேஜராக வந்து மூன்று மாதம் ஆகிறது. ஆடிட் வருகிறதென்று அவள்தான் சுவரில் அந்த ஸ்டாண்டை அடிக்கச் சொன்னாள். துடைப்பம், மாப், வைப்பர், ஒட்டடைக் கம்பு எதுவும் தரையில் படக்கூடாது. கம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்புகள், எல்லாருக்கும் எட்டுகிற மாதிரி கண் உயரத்தில்.

இப்போது பார்த்தால் ஸ்டாண்டு ஒரு முழம் மேலே ஏறியிருக்கிறது!

இசக்கிமுத்து இடது கையை நீட்டினார்.

"ஐயோ, இடது கையால குடுக்காதீங்கண்ணே! வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" என்றாள், கூட்டிப் பெருக்கும் பெண்களில் மூத்தவளான மாரியாயி.

"வெளக்கமாத்துக்கு என்னம்மா வெள்ளிக்கிழமை?"

முணுமுணுத்துக்கொண்டே வலது கையைத் தூக்கினார். பாதியில் முகம் கோணியது. "ஸ்ஸ்..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, ஒரு வழியாகத் துடைப்பத்தை உருவிக் கொடுத்தார். பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ராஜப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் மாடிப் படியில் வழுக்கி விழுந்து வலது தோள் எலும்பு முறிந்த மனுஷன். கட்டுப் பிரித்தாகிவிட்டது, கைதான் மேலே போகவில்லை. தேயிலை உலர்த்தும் டிரையர் வேலையிலிருந்து எடுத்து, ஸ்டோரில் நோட்டு எழுத உட்கார வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் டாக்டர் 'ஃபிட்' என்று எழுதிக் கொடுத்தால்தான் பழைய வேலை. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

விடுவிடுவென்று வெளியே போனாள்.

"ஏனுங்க மாரியாயி, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி எடுத்துக்கறதுதானே?"

"ஸ்டூல்ல ஏறுனா தலை சுத்துது மேடம்."

"எனக்கும் மேடம்" என்றாள் பக்கத்திலிருந்த ஐவி.

அப்புறம் பார்த்தால் ஆறு பேருக்கும் தலை சுற்றியது. செங்குத்துச் சரிவில் ஓடி ஓடிக் கொழுந்து பறித்துவிட்டு ஃபேக்டரி வேலைக்கு வந்தவர்கள்!

மாரியாயி ஓரக்கண்ணால் இசக்கிமுத்துவைப் பார்த்தாள். அதற்கு மேல் வாயே திறக்கவில்லை.

ராஜப்ரியா தன் அறையிலிருந்த ஸ்டூலைக் கொண்டுவந்து ஸ்டாண்டுக்குக் கீழே போட்டாள். மறுநாள் அது கேன்டீனில் இருந்தது, மேலே தண்ணீர்க் குடத்தோடு.

கார்ப்பென்டர் சில்வஸ்டரைக் கூப்பிட்டாள்.

"ஸ்டாண்டை யாரு மேல ஏத்துனது?"

"நான்தானுங்க மேடம். இதோட நாலு தடவை ஏத்தியாச்சு. செவரு பூரா ஓட்டை."

"யாரைக் கேட்டு?"

"மாரியாயிக்கா சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். 'ஓட்டை போடறதோட நிறுத்திக்கோ'ன்னுட்டாங்க."

நாலு தடவை! எட்ட எட்ட உயர்த்தி வைத்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்றால், இதற்குப் பெயர் என்ன?

ராஜப்ரியா மெமோவை டைப் அடித்து, கையெழுத்தும் போட்டு, மாரியாயியை உள்ளே கூப்பிட்டாள்.

"அவருக்கு ரெண்டு பொண்ணுங்க காலேஜ்ல படிக்குது, தெரியுமில்லீங்க? அந்தக் கை இன்னும் கெட்டுப் போயி வேலை போச்சுன்னா நீங்க யாராச்சும் சோறு போடுவீங்களா? வயசுல பெரியவங்கன்னு இத்தனை நாள் பொறுத்துட்டேன். இந்தாங்க, வாங்கிக்குங்க."

மாரியாயி காகிதத்தை வாங்கவில்லை. நேரே போய்க் கதவைச் சாத்தினாள். இசக்கிமுத்து எங்கே இருக்கிறார் என்று கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"மெமோ குடுங்க மேடம், வாங்கிக்கிறேன். ஸ்டாண்டை மட்டும் எறக்கிடாதீங்க. அவரு காதுல விழுந்துடக் கூடாதுன்னுதான் அன்னைக்கு நான் பேசல."

"என்ன விழக் கூடாது?"

"தெனமும் அம்பது தடவையாச்சும் அந்தக் கையை மேல தூக்கியே ஆகணும்னு டாக்டர் சொல்லி விட்டாரு மேடம். இல்லேன்னா தோளு அப்படியே இறுகிப் போயிருமாம். அவரு சம்சாரம் கெஞ்சிப் பாத்துச்சு. பொண்ணுங்க அழுது பாத்துச்சுங்க. 'வலிக்குது, போங்க'ன்னு கம்பளியைப் போத்திக்கிட்டுப் படுத்துர்றாராம். அந்தப் புள்ளைங்க எங்கிட்ட வந்து சொன்னப்புறம்தான் இந்த வேலையே. மொத வாரம் அந்தக் கை நெஞ்சைத் தாண்டல மேடம். அதான் கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக்கிட்டு வர்றோம். இன்னும் நாலே இஞ்சு."

ராஜப்ரியா கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். இசக்கிமுத்து ஐவிக்கு மாப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வலது கைதான். காதைத் தாண்டி, தலைக்கு மேலே போயிருந்தது.

மெமோ அவள் கையிலேயே நாலாக மடிந்தது.

"வீட்ல எல்லாரும் சொல்லிக் கேக்காதவரு, நீங்க சொன்னா மட்டும் எப்படிங்க செய்யறாரு?"

மாரியாயி சிரித்தாள்.

"எக்சர்சைஸ் செய்யுங்கன்னா ஆயிரம் சாக்குச் சொல்வாரு மேடம். பொம்பளைங்க ஒரு ஒத்தாசைன்னு வந்து நின்னா, முடியாதுன்னு சொல்ல மட்டும் அந்த மனுசனுக்குத் தெரியாது."