ரௌட்டரில் ஒரு வரி

“கீழே எல்லா கம்ப்யூட்டரும் சர்வர்லேருந்து பூட் ஆகுது. மாடியில ஒண்ணுகூட ஆகலையே, ஏம்மா?” மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது.

“மாடி தனி நெட்வொர்க் சார். அங்கேயிருந்து வர்ற அழைப்பைச் சர்வருக்குக் கடத்திவிடுற ஒரு கட்டளை வரி ரௌட்டர்ல இருக்கும். அதை யாரோ அழிச்சிருக்காங்க,” என்றாள் சிஸ்டம் அட்மின்.

“யாரோன்னா? அந்த ஸ்டோர் கீப்பர்தானே? அவன் முழியே சரியில்லை.”

“ஐயோ, அவருக்குப் பாஸ்வேர்டே தெரியாது சார்.”

“அப்போ இங்கே எவனையும் நம்ப முடியாது. மெஷின்ல நடந்த விபத்தை விசாரிக்க ஆளுங்க கிளம்பிட்டாங்களாம். ஒவ்வொரு கம்ப்யூட்டரா உட்கார்ந்து அழிக்க நேரமில்லை. அந்த வரியைத் திரும்பப் போட்டு, சர்வர்லேருந்து எல்லாத்தையும் ஒரேயடியா துடைச்சுப் புதுசாக்கிடு. மாடி கம்ப்யூட்டர்ல மெஷின் பதிவு எதுவும் மிஞ்சக் கூடாது.”

“பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் சார்.”

அவர் ஒவ்வொரு மேசையாக முறைத்தபடி தன் அறைக்குப் போனார். வாசலில் கார் வந்து நின்றது. அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

“மாடிக்கு வாங்க சார்,” என்றாள் விசாரணை அதிகாரியிடம். “பாதுகாப்புப் பூட்டைக் கழட்டிட்டு மெஷினை ஓட்டச் சொன்னது யாருன்னு எல்லாம் அப்படியே இருக்கு. அழிச்சிடுவாங்களோன்னுதான் ரௌட்டர்ல ஒரு வரியை எடுத்துட்டேன். நேத்து உங்களுக்குப் போன் பண்ணதும் நான்தான்.”