கப்பலில் இருக்கும் கணவர்

என் கணவர் எங்கே இருக்கிறார் என்று வீட்டுச் சொந்தக்காரம்மா கேட்டார். கப்பலில் என்றேன்.

நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை. ரயிலில் வரும்போதே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தேன். இன்ஜினியர், சரக்குக் கப்பல், வருஷத்தில் இரண்டே மாதம் லீவு, நடுக்கடலில் போன் கிடைக்காது.

எனக்குக் கணவர் கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. இவரை நேற்றுதான் வீட்டுத் தரகர் தந்தார்.

தனி ஆள் சம்பளத்துக்கு நகரத்துக்குள் ஜன்னல் வைத்த அறைகூடக் கிடைக்காது. அதனால்தான் புறநகர். காற்று, அமைதி, மரம் என்றெல்லாம் விளம்பரத்தில் போடுகிறார்கள். எத்தனை பேர் என்று கேட்பார்கள் என்பதைப் போடுவதில்லை. நான் மட்டும்தான் என்றால், மற்றவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்பார்கள்.

ஒரு புறநகரில் ஒன்பது மணிக்கே கேட்டைப் பூட்டிவிடுவார்களாம். எனக்கு டியூட்டி முடிவதே பத்துக்கு. இன்னொன்றில் அண்ணனை அழைத்துவந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு வயது நாற்பத்தொன்று, இருப்பது ஒரு தம்பி, அவன் வீட்டுக் கடனுக்கு ஜாமீன் போட்டதே நான்தான். ஏரிப் பக்கம் ஒருவர் எதுவுமே கேட்காமல் சம்மதித்தார். குழாய் ஒழுகுகிறதா என்று வாராவாரம் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார். அங்கிருந்து நானே ஓடி வந்துவிட்டேன்.

இந்த இடம் மட்டும் பிடித்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து வீடுவரை தெருவிளக்கு எரிகிறது. கடைசி ரயில் வரும்வரை மருந்துக்கடை திறந்திருக்கிறது. தனியாக இருப்பவள் வேறு என்ன பார்ப்பாள்?

நான் இருக்கும் ஹாஸ்டலை மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள். இந்த வீடும் கைவிட்டுப் போனால் பெட்டியோடு தம்பி வீட்டு ஹாலில் போய் நிற்க வேண்டியதுதான். தம்பி மனைவி நல்லவள். நான் குடித்த டம்ளரை நான் கழுவுவதற்குள் பிடுங்கிக்கொள்வாள். அந்த நல்லதனத்தைத்தான் என்னால் தாங்க முடியாது.

இங்கேயும் கேட்டில் 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று பலகை தொங்குகிறது. 'நாய்கள் ஜாக்கிரதை' என்பதையும் அதே பெயிண்ட்டில் எழுதியிருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவியே இந்தச் சொந்தக்காரம்மாதான். அவருடைய கணவருக்கு எங்கோ தூரதேசத்தில் பெரிய உத்தியோகம், எப்போதாவதுதான் வருவார் என்று வாட்ச்மேன் மரியாதையோடு சொன்னார். தான் இன்னும் பார்த்ததில்லையாம்.

தரகரை எல்லோரும் சாவிக்கொத்து என்றுதான் கூப்பிடுகிறார்கள். நேர்மையான மனிதர். கணவருக்கென்று தனிக் கமிஷன் கேட்கவில்லை. போட்டோவும் அனுப்பிவைத்தார். வெள்ளைச் சீருடை, தொப்பி, கப்பல் கம்பிமேல் இடது கை. யார் இவர் என்று கேட்டேன்.

"எங்கப்பா காலத்துலேருந்து ஆபீஸ்ல இருக்கிற படம்மா. ராசியான ஆளு."

சொந்தக்காரம்மா துருவித் துருவிக் கேட்டார். எந்தக் கம்பெனி, எந்தத் துறைமுகம், பிள்ளைகள் ஏன் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மூச்சைப் பிடியுங்கள், அசையாதீர்கள் என்று நாளெல்லாம் மற்றவர்களிடம் சொல்கிறவள், இன்று அவர் சோபாவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் போட்டோ இருக்கிறதா என்றார்.

போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் முகத்தைப் பெரிதாக்கினார். தொப்பியைப் பெரிதாக்கினார். கம்பிமேல் இருந்த கையைப் பெரிதாக்கினார்.

பிறகு எழுந்து, உள்ளே வரும்படி கையைக் காட்டினார்.

அது அவருடைய படுக்கையறை. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பெரிய பிரேம் போட்ட போட்டோ.

வெள்ளைச் சீருடை. தொப்பி. கப்பல் கம்பிமேல் இடது கை.

அடுத்தவர் புருஷனை என் புருஷன் என்று சொல்லி, அவர் வீட்டிலேயே வந்து வாடகைக்கு இடம் கேட்டிருக்கிறேன். போலீசைக் கூப்பிடுவாரா, வாட்ச்மேனைக் கூப்பிடுவாரா என்று கதவைப் பார்த்தேன். தம்பி வீட்டு ஹால் கண்முன் வந்தது. அழுகையும் வந்தது.

சொந்தக்காரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். பிரேமில் இருந்தவருக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. கட்டிலில் ஒரே ஒரு தலையணை இருந்தது.

சாவிக்கொத்து கொடுத்ததா என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன்.

"எனக்கு அவங்கப்பா கொடுத்தார்" என்றார்.

அவரும் என்னைப்போல முதலில் வாடகைக்குத்தான் வந்தாராம். அப்புறம் இந்த வீட்டையும் பக்கத்து வீட்டையும் சொந்தமாகவே வாங்கிவிட்டாராம். கேட்டில் அந்தப் பலகையை மாட்டச் சொன்னதும் அவர்தானாம். அதை மாட்டிய பிறகு அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லையாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பிரேமின் மேல் இருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தார். பக்கத்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து என் கையில் வைத்தார். நன்றி மேடம் என்று சொல்ல வாயெடுத்தவள், அக்கா என்றேன்.

வாசல்வரை வந்தவர், எதிர்வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் லீவுல வர்றதுன்னா முன்னாடியே சொல்லிடும்மா. எங்க வீட்டுக்காரரும் அதே சமயம் வந்துடக் கூடாது."