இடப்பக்க நோவு

"உண்மையச் சொல்லுங்க. திரும்பவும் குடிக்கத் தொடங்கிட்டீங்கதானே?"

டொக்டருக்கு முன்னால் வைத்தே கணவர் அல்பர்ட்டைக் கேட்டுவிட்டாள் ஐறிஸ்.

பத்து நாளாக அவருக்கு இடது நெஞ்சில் மந்தமான நோவு. அதோடு தினமும் நாலு மணிக்கு சைக்கிளை எடுத்தால் ஆறு மணிக்குத்தான் வீடு. எங்கே என்றால், "சும்மா ஒரு சுத்துச் சுத்தினன்."

டொக்டர் ஈசிஜியையும் இரத்த றிப்போட்டையும் பார்த்தார்.

"இதயத்தில பிழை இல்ல அன்ரி. இப்பிடி நோவு காஸாலயும் வரலாம், யோசனையாலயும் வரலாம்." எழுந்து வந்து விலா ஓரம் அழுத்தினார்.

"ஆ!"

"தசைதான் பிடிச்சிருக்கு. அங்கிள், பாரமா ஏதும் தூக்குறீங்களா?"

"இல்ல."

"இவரா? வீட்டில காஸ் சிலிண்டரையே நான்தான் உருட்டுறன்!" என்றாள் ஐறிஸ்.

மறுநாள் ஓட்டோ பிடித்துப் பின்னாலேயே போனாள். கள்ளுத் தவறணை வந்தது. சைக்கிள் நிற்கவில்லை. காத்தான்குடி வாவிக்கரையில், முகைதீன்பாவாவின் வீட்டுப் படலையடியில்தான் நின்றது.

ஐறிஸ் ஓட்டோவைத் தள்ளி நிறுத்தி இறங்கினாள்.

மண்முனையில் பாலம் வருமுன் சனத்தையும் வாகனத்தையும் அக்கரை சேர்த்த 'பாதை' என்ற மிதவைப் படகில் அல்பர்ட்டும் பாவாவும்தான் வேலை. பத்தொன்பது வயதில் தையல் பழக அதில்தான் அவள் போய்வந்தாள். அவள் ஏறிய நாளெல்லாம் நடு வாவியில், "இஞ்சின் நிண்டுபோச்சு!" என்பார் பாவா. அல்பர்ட் அவளோடு கதைத்து முடிந்த பிறகுதான் அது திரும்ப வேலை செய்யும்.

அந்தப் பாவா போன வருஷம் பாரிசவாதத்தில் படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போனபோது, அவளைக் கண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு அவள் போகவில்லை.

வேலி மறைவில் நின்று பார்த்தாள்.

அல்பர்ட் வீட்டின் பின்வாசலால் வெளியே வந்தார். இரண்டு கைகளிலும் பாவா. தலை அல்பர்ட்டின் இடது நெஞ்சில் சாய்ந்திருந்தது. மூச்சு வாங்க வாங்க மணலில் நடந்து, கால் தண்ணீரில் படும்படி மெல்ல இருத்தினார்.

"டேய் அல்பர்ட், என்னைத் தூக்கிற கதைய ஐறிஸுக்குச் சொல்லிராத. வெக்கமடா."

"டொக்டர் கேட்டும் சொல்லல்ல மச்சான்."

ஐறிஸ் சத்தம் போடாமல் ஓட்டோவுக்குத் திரும்பினாள்.

ஆறு மணிக்கு அல்பர்ட் வந்தார். "சும்மா ஒரு சுத்து..." என்று தொடங்கினார்.

"நான் கேக்கல்லயே. சேர்ட்டைக் கழட்டுங்க."

சூடாக்கிய எண்ணெயை இடது நெஞ்சில் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

"நாளைக்கு நாலு மணிக்குள்ள இந்த நோவு இறங்கோணும்."