டீக் கொறடா

“ஓட்டெடுப்பு மணி அடிச்சு, கதவையும் சாத்தியாச்சு. எதிர்க்கட்சிப் பக்கம் ஒரு தலை குறையுது. யாருன்னு பார்த்தா, தன் ஆளுங்களை எல்லாம் விரட்டி விரட்டி உள்ளே அனுப்பின கொறடாவே வெளியே நிக்கிறாரு. கையில டீ! நாங்க ஒரே ஓட்டுல ஜெயிச்சோம்!”

காரை விட்டு இறங்கும்போதே முன்னாள் சட்டசபை உறுப்பினர் ஒத்திகையை ஆரம்பித்துவிட்டார்.

“நூறாவது தடவைப்பா,” என்றாள் மகள்.

முப்பத்திரண்டு வருடமாக அவருக்குக் கைதட்டல் வாங்கித் தந்த கதை அது. ‘டீக் கொறடா’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். அந்தப் பெயர் சுவரொட்டி வரைக்கும் போய் நாறியதில், அடுத்த தேர்தலில் அந்த மனிதருக்குக் கட்சி சீட்டே கொடுக்கவில்லை.

“அவரும் இன்னைக்கு வர்றாராமே? பாவம்ப்பா.”

“அரசியல்ல இதெல்லாம் சகஜம்மா. அவரே சிரிப்பாரு பாரு.”

பழைய சபைக் கட்டடத்தை மூடப் போகிறார்கள். அதற்கு முன் பழைய ஆட்களை ஒருமுறை கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் அவருக்கு மனசு என்னவோ செய்தது. அதே மர பெஞ்சுகள். அதே பித்தளைத் தாழ்ப்பாள். இந்தத் தாழ்வாரத்தில்தான் இவருடைய கட்சிக் கொறடா முறைத்துத் திட்டிக்கொண்டு நிற்பார். ஓட்டெடுப்புக்கு வராதவன் பதவி காலி. எல்லோரும் அவரைச் சிங்கம் என்பார்கள். சிங்கம் போய்ச் சேர்ந்தே நாலு வருடமாகிறது. அந்தத் திட்டுக்குக்கூட இப்போது மனசு ஏங்கியது.

தாழ்வாரத்து பெஞ்சில் டீக் கொறடா தனியாக உட்கார்ந்திருந்தார்.

மகள் மூன்று டீ வாங்கி வந்தாள். “எடுத்துக்குங்க ஐயா.”

“வேண்டாம்மா. எனக்குப் பழக்கமில்லை.”

“எப்ப விட்டீங்க?” என்று கண்ணடித்தார் முன்னாள் உறுப்பினர். “அந்த ஓட்டெடுப்புக்கு அப்புறமா?”

“பிறந்ததுலேருந்தே குடிச்சதில்லைங்க.”

சிரிப்பு பாதியில் நின்றது. “அப்ப அன்னைக்குக் கையில இருந்தது?”

“வெளியே நிக்க ஒரு சாக்கு வேணுமே.” அவர் மகளைப் பார்த்தார். “அன்னைக்குப் பிறந்த குழந்தையா இது? அம்மா சௌக்கியமா?”

“நல்லா இருக்காங்க ஐயா.” மகள் ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தாள்.

அவருக்கு அந்தக் காலை கண்முன்னே வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன்: மனைவிக்கு உடனே ஆபரேஷன், கையெழுத்துப் போட வாங்க. ஆட்சிக்கு ஒரே ஒரு ஓட்டுதான் அதிகம். சிங்கத்திடம் போய் நின்றார். சிங்கம் ஏற இறங்கப் பார்த்தது. “ஓடுய்யா. பொண்டாட்டிக்குப் பிரசவம்னா மேலிடம் ஒத்துக்காது; உனக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கிறேன். மத்ததை நான் பார்த்துக்கிறேன்.” ஓட்டெடுப்பில் நடந்ததை மறுநாள் மற்றவர்கள் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார்.

“உங்க கொறடா என்கிட்ட வந்தாரு,” என்றார் டீக் கொறடா. “ஒரு பக்கம் ஒருத்தர் வர முடியலைன்னா, இன்னொரு பக்கமும் ஒருத்தர் ஒதுங்கிக்கிறது பழைய வழக்கம்தானே? அன்னைக்குன்னு பார்த்து எங்க தலைவர் அதெல்லாம் கூடாதுன்னுட்டாரு. எங்க ஆளுங்கள்ல யாரை நிறுத்தினாலும் அவன் பொழப்பு போயிடும். அதான் நானே நின்னுட்டேன்.”

“இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா உங்க காய்ச்சல் பொய்னு வெளியே வந்திருக்கும். வாய் திறக்க மாட்டேன்னு உங்க சிங்கத்துக்கு வாக்கு கொடுத்திருந்தேன்.”

மைக்கில் முன்னாள் உறுப்பினரைக் கூப்பிட்டார்கள். “டீ கதை! டீ கதை!” என்று உள்ளே பெஞ்சைத் தட்டினார்கள்.

“போங்க, வழக்கம்போலவே சொல்லுங்க,” என்றார் டீக் கொறடா. “நல்லாத்தான் சொல்றீங்க.”

அவர் போய் மைக்கைப் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இத்தனை வருஷமா வெளியே நின்னவர் கதையைச் சொன்னேன். இன்னைக்கு அவரை வெளியே நிக்க வச்சவன் கதையைச் சொல்றேன்,” என்றார். “அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லைங்க.”